கடைசியாக வந்தவன் சொல்லும் பெயர்

3 மார்ச் 2025, திங்கள்

அமல்ராஜ் போன் செய்தான். ஈஸ்டர் முடிந்த அடுத்த ஞாயிறு, ஏப்ரல் இருபத்தேழு, கோல்ஃப். "அறுப்பு முடிஞ்சிரும். எருவுக்குக் கெட போட்ட ஆடும் கெளம்பிரும். அப்புறம் வயலு நமக்குத்தான்" என்றான். சரி என்றேன். கொடிக் கம்புகள் போன வருடத்திலிருந்து என் கடையில்தான் கிடக்கின்றன. ஒன்றில் எவனோ பழைய காப்பர் கம்பியைச் சுற்றி வைத்திருக்கிறான். நானாகத்தான் இருக்கும்.

கொஞ்ச நேரத்தில் மதன்குமார் போன் செய்தான். வாட்ஸப்பில் போடுவதற்கு நாலு வரி வேண்டுமாம். தேனி அல்லிநகரத்தில் அவன் ஆபீஸ்காரர்களுக்கு நம் விளையாட்டு புரியவில்லையாம். எங்களுக்கே இன்னும் புரியவில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். எழுதிப் பார்க்கிறேன்.

"அமல்ராஜ் மலேசியாவில் ஒரு கிளப்பில் இருபது வருடம் புல் வெட்டியவர். ஊருக்கு வரும்போது மற்றவர்கள் தங்கம் கொண்டுவந்தார்கள், இவர் பழைய கோல்ஃப் மட்டைகள் ஒரு பை நிறையக் கொண்டுவந்தார். ராயப்பன்பட்டியில் இரண்டாம் போகம் அறுத்த அவருடைய வயலில் ஆறு குழி தோண்டி, பள்ளிக்கூட நண்பர்கள் நாலு பேர் வருடா வருடம் ஆடுகிறோம். அமல்ராஜ், கம்பம் வாழைக்காய் மண்டி தவசி, அல்லிநகரம் மதன்குமார், மோட்டார் காயில் கட்டும் சுருளியாண்டி. வேடிக்கை பார்க்க வருகிறவர்களும் காசு கட்டி ஆளுக்கு ஒரு அடி அடிக்கலாம். குழிக்கு ஒரு கடைக்காரர் பணம் தருகிறார். சேர்வது முழுவதும் கஷ்டத்தில் இருக்கும் ஒரு குடும்பத்துக்கு."

இதுவரை சரி. அந்தக் குடும்பத்தை யார் முடிவு செய்வது என்பதை எப்படி எழுத? முதல் வருடம் தவசி கடைசியாக வந்தான். பந்தைக் குழியில் போட அவன் அடித்த அடிக்கு ஒரு கிணறே வெட்டியிருக்கலாம். எல்லோரும் சிரித்ததும் அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது. "தோத்தவனுக்கும் ஒரு மரியாத வேணும்ல? யாருக்குக் கொடுக்குறதுன்னு நான் சொல்றேன்" என்றான். சொன்னான். அதுவே வழக்கமாகிவிட்டது. ஜெயித்தவனுக்கு ஒரு வாழைத்தார். கடைசியாக வந்தவனுக்கு மைக். அவன் சொல்லும் பெயரை மற்ற மூவரும் ஏன், எதற்கு என்று கேட்கக்கூடாது.

போன வருடம் கடைசி நான்.

12 மார்ச், புதன்

என் வீட்டுக்காரி ராஜாத்தியை மதுரைக்குக் கூட்டிப்போய் வந்தேன். செயற்கைக் கால் செய்பவர் நல்ல மனிதர், நேராகப் பேசினார். இலவச முகாமில் கொடுத்த கால் ஏன் வலிக்கிறது என்றால், அளவெடுத்த பிறகு இவள் கால் வற்றிவிட்டது. இப்போது கால் நுழையும் கிண்ணம் தளர்ந்து ஆடுகிறது, ஆடுவதால் உரசுகிறது, உரசுவதால் புண். சர்க்கரை உடம்பில் புண் என்றால் என்ன என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. செருப்பு கடித்த புண்ணில்தான் முட்டிக்குக் கீழே காலே போனது.

முட்டியை நீட்டச் சொன்னார். முழுதாக நீளவில்லை.

"ரெண்டு மூணு மாசத்துக்குள்ள நடக்க ஆரம்பிச்சிரணும்யா. இப்படி மடக்கி ஒக்காந்தே இருந்தா முட்டி எறுகிப்போகும். அப்புறம் எந்தக் கால மாட்டுனாலும் நிக்காது."

புதுக் காலுக்கு அவர் சொன்ன தொகை என் கடை அடுத்த எட்டு மாதம் சம்பாதிப்பது. ஆபரேஷனுக்கு வாங்கிய கடனே அடையவில்லை. பஸ்ஸில் வரும்போது ராஜாத்தி ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். ஆண்டிபட்டிக் கணவாய் தாண்டியதும், "அந்தாளு பல்லு வரிசையா இருந்துச்சு, பாத்தீங்களா?" என்றாள். இவ்வளவுதான் பேச்சு.

16 மார்ச், ஞாயிறு

தவசி தெருவில் பார்த்துக் கேட்டான். "தங்கச்சி நடக்குதாடா?"

"ஜம்முன்னு நடக்குறா" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? வாயில் வந்துவிட்டது. ஒரு தடவை வந்தால் பரவாயில்லை, ஆறு மாதமாக இதே பதில்தான் வருகிறது. மதனிடமும் இதைத்தான் சொல்லியிருக்கிறேன். அவள் வெளியே வராததற்கு வெயில், வேலை, விரதம் என்று ஏதோ ஒன்று. நல்லவேளை, அவர்கள் யாரும் எந்த விரதம் என்று கேட்கவில்லை.

25 மார்ச், செவ்வாய்

பொய் வெளுத்துவிட்டது.

நான் கடையில் இருக்கும்போது அமல்ராஜ் மனைவி பிலோமினா வீட்டுக்கு வந்திருக்கிறாள். சொல்லாமல் கொள்ளாமல். ராஜாத்தி தரையில் தவழ்ந்து வந்து கதவைத் திறந்திருக்கிறாள். முகாமில் கொடுத்த கால் பீரோவுக்குப் பக்கத்தில், மேலே ஒரு துண்டு போட்டு நிற்கிறது. யாரோ விருந்தாளி மூலையில் நிற்பது போல இருக்கும். பிலோமினா துண்டை எடுத்துப் பார்த்திருக்கிறாள்.

"என்ன சொன்னா?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் சொல்லல. அழுதாக. நாந்தான் காப்பி போட்டுக் குடுத்தேன்."

"நீ என்ன சொன்ன?"

"உள்ளதச் சொன்னேன். நீங்க சொல்ற பொய்யத்தான் என்னால மனப்பாடமா வச்சுக்க முடியல."

28 மார்ச், வெள்ளி

மதன்குமார் போனில். கம்பத்தில் மழை உண்டா, பேங்கில் வட்டி என்ன, பிள்ளைகள் எப்படி என்று ஊரைச் சுற்றிவிட்டு, "எதுனா வேணுமாடா சுருளி?" என்றான்.

"ஒண்ணும் வேணாம்."

"இல்ல, சும்மா கேட்டேன்."

"நானும் சும்மாதான் சொன்னேன்."

வைத்துவிட்டேன். சிரமப்பட்டு அன்பாகப் பேசுகிறவனிடம் எரிந்து விழுவதில் எனக்கு ஒரு சுகம் இருக்கிறது போல. கேவலமான சுகம்.

2 ஏப்ரல், புதன்

இன்று ஒச்சாண்டியைப் பார்த்தேன். போன வருடம் நான் மைக்கில் சொன்ன பெயர் அவனுடையதுதான். தென்னை மரத்திலிருந்து விழுந்து இடுப்பு உடைந்து கிடந்தவன். இப்போது கம்பு ஊன்றி நடக்கிறான், சந்தைக்கு வெளியே இளநீர் விற்கிறான். நல்லதுதானே? நல்லதுதான். ஆனால் என்னைக் கண்டால் எழுந்துவிடுகிறான். ஒவ்வொரு தடவையும். தோளில் கிடக்கும் துண்டு கைக்கு வந்துவிடுகிறது, கம்பைத் தேடிப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து நிற்கிறான். இளநீருக்குக் காசு வாங்க மாட்டேன் என்கிறான். அதனால் கொஞ்ச நாளாக நான் அந்த ரோட்டில் போவதில்லை. இன்று மறந்து போய்விட்டேன்.

அவன் என்னைவிட இரண்டு வயது மூத்தவன்.

இப்போது எழுதும்போதுதான் எனக்கே புரிகிறது. அவர்களிடம் வாங்கினால் நானும் இப்படித்தான் ஆவேன். தவசி கடைக்குள் வந்தால் எழுந்து நிற்பேன். அமல்ராஜ் மொக்கையாக ஜோக் சொன்னாலும் சிரிப்பேன். நாற்பது வருடமாக டேய் என்று கூப்பிட்ட வாயில் அந்த டேய் வராது. ராஜாத்திக்குக் கால் வரும், எனக்கு மூன்று பேரும் போய்விடுவார்கள்.

அதற்காக அவள் தவழ வேண்டுமா? — தெரியல. சத்தியமாத் தெரியல.

10 ஏப்ரல், வியாழன்

விஷயம் இதுதான். அவர்களில் யார் கடைசியாக வந்தாலும் மைக்கைப் பிடித்து ராஜாத்தி பெயரைச் சொல்லிவிடுவார்கள். பிலோமினா பார்த்துவிட்டுப் போன பிறகு அதில் சந்தேகமே இல்லை. ஊர் முன்னால் சொன்ன பெயரை நான் மறுக்கவும் முடியாது.

ஆகவே கடைசியாக நான் வர வேண்டும். வந்து வேறு பெயர் சொல்ல வேண்டும். திராட்சைத் தோட்டத்தில் கொத்து நறுக்கப் போகும் நதியா என்ற பெண், புருஷன் ஜீப் விபத்தில் போய்விட்டான், இரண்டு பிள்ளைகள். நியாயமான பெயர். யாரும் குறை சொல்ல முடியாது.

தோற்பதற்கு எனக்குப் பயிற்சி தேவையில்லை.

26 ஏப்ரல், சனி

சாயங்காலம் ஒரு பாட்டம் கோடை மழை. கொடிக் கம்புகளைக் கொண்டுபோய் ஊன்றிவிட்டு வந்தேன். ராஜாத்தி நாளைக்கு வருகிறாளாம். பிலோமினா கார் எடுத்துக்கொண்டு வருகிறாளாம். என்னிடம் கேட்கவில்லை, சொன்னாள்.

27 ஏப்ரல், ஞாயிறு

வரிசையாக எழுதுகிறேன். இல்லையென்றால் எனக்கே நம்பிக்கை வராது.

நல்ல கூட்டம். மழை பெய்ததால் புழுதி இல்லை, அறுத்த நெல்தாளும் மிதிபட்டுப் பதமாகக் கிடந்தது. ஆட்டுப் புழுக்கை மட்டும் வயல் நிறைய. பந்து எது, புழுக்கை எது என்று கேட்டு சிரிப்பதற்கென்றே வருகிறவர்கள் உண்டு, இன்றும் கேட்டார்கள், இன்றும் சிரித்தார்கள். வேப்ப மரத்தடியில் ராஜாத்தியை பிளாஸ்டிக் சேரில் உட்கார வைத்திருந்தார்கள். பச்சைச் சேலை கட்டியிருந்தாள். அதைக் கட்டி ஒன்றரை வருடம் இருக்கும்.

முதல் குழியிலேயே என் அடியைத் தப்பவிட்டேன். என் திட்டம் நல்லபடியாக ஆரம்பித்தது என்று நினைத்தேன். அடுத்து மதன்குமார் அடித்தான், பந்து பின்பக்கமாகப் போய் பிரியாணி அண்டாவில் மோதியது. சரி, அவன் ஆட்டம் எப்போதும் அப்படித்தான். அடுத்து தவசி. கொடி கிழக்கே இருக்கிறது, மேற்கே பார்த்து நின்று அடித்தான். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. மூன்றாவது குழியில் அமல்ராஜ் பந்தை வாய்க்காலில் போட்டானே, அப்போதுதான் உறைத்தது. எடுத்து வைத்து மறுபடியும் போட்டான், மறுபடியும் வாய்க்கால். இருபது வருடம் அந்த விளையாட்டுக்கு நடுவிலேயே வாழ்ந்தவன், கண்ணை மூடிக்கொண்டு அடித்தாலும் எங்களைவிட நன்றாக அடிப்பவன்.

மூன்று பேரும் தோற்க வந்திருக்கிறார்கள்.

"ஏலே அமலு, ஒழுங்கா ஆடுடா" என்றேன்.

"காத்து" என்றான். ஒரு இலை அசையவில்லை.

அதன்பிறகு நடந்ததை கோல்ஃப் என்று சொன்னால் அந்த மலேசியா கிளப்காரர்கள் கேஸ் போடுவார்கள். நாலு பேரும் ஒருத்தரை ஒருத்தர் முறைத்துக்கொண்டு, குழிக்குப் பக்கத்தில் போன பந்தையெல்லாம் தள்ளித் தள்ளி வெளியே கொண்டுவந்தோம். மதன்குமாருக்கு ஒரு பந்து தெரியாமல் குழிக்குள் போய்விட்டது, தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அடிகளைப் பலகையில் எழுதிக்கொண்டிருந்த பிலோமினா மட்டும் சிரிக்கவில்லை. "இடம் பத்தல, இன்னொரு பலக கொண்டாங்க" என்றாள்.

கடைசிக் குழிக்கு முன்னால் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தோம். அந்த நேரத்தில் காசு கட்டியவர்கள் ஆளுக்கு ஒரு அடி அடித்துக்கொண்டிருந்தார்கள். யாரோ ராஜாத்தியிடம், "மதினி, நீங்களும் ஒண்ணு அடிங்க" என்று விளையாட்டாகச் சொல்லியிருக்கிறார்கள். இவள் இடுப்பிலிருந்து சுருக்குப் பையை எடுத்துக் காசு கொடுத்துவிட்டாள். சேரை வயலுக்குள் தூக்கிக்கொண்டு போனார்கள். நான் எச்சில் கையோடு எழுந்து ஓடினேன், விழுந்துவிடுவாள் என்று. ஓடிப் போய்ச் சேருவதற்குள் உட்கார்ந்தபடியே ஒரு வீசு வீசினாள். பந்து கூட்டத்தின் தலைக்கு மேல் போய், அடுத்த வரப்பைத் தாண்டி விழுந்தது. காலையிலிருந்து யார் அடித்ததும் அவ்வளவு தூரம் போகவில்லை. நாங்கள் நாலு பேரும் அடித்ததை ஒன்றாகக் கூட்டினாலும் வராது.

எல்லோரும் கத்தினார்கள். அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே பந்து போன பக்கத்தைப் பார்த்து, யாரிடமும் இல்லாமல் சொன்னாள்.

"நின்னு அடிச்சிருந்தா அந்தக் கரை வரைக்கும் போயிருக்கும்."

அவ்வளவுதான் சொன்னாள். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. என் மேல் வருத்தம் எதுவும் அந்தக் குரலில் இல்லை. கணக்குப் பார்த்துச் சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள். கையில் சோற்றுப் பருக்கையோடு நின்றேன். என்ன மனுசன்டா நீ என்று தோன்றியது. நான் எழுந்து நிற்க வேண்டி வருமோ என்று பயந்துகொண்டிருக்கிறேன். அவள் எழுந்து நிற்க வேண்டுமென்று ஆசைப்படுகிறாள்.

கடைசிக் குழியில் நானும் தவசியும் சமமாக இருந்தோம். இரண்டு பந்தும் குழிக்கு ஒரு சாண் தூரத்தில். அவன் தட்டினான், தாண்டிப் போனது. நான் தட்டினேன், தாண்டிப் போனது. இப்படியே குழியைச் சுற்றிச் சுற்றி வந்தோம். "நேரமாகுதுப்பா, ரெண்டு பேரும் மாலைய மாத்திக்கங்க" என்று கூட்டத்தில் ஒருவன் கத்தினான். அப்புறம் தவசி தட்டிய பந்து ஒரு புழுக்கையில் இடித்துத் திரும்பி, மெதுவாக உருண்டு, குழிக்குள் விழுந்தது. அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. பந்தை எடுத்து வெளியே போடப் பார்த்தான். பிலோமினா விடவில்லை.

நான் கடைசி. மைக்கை என் கையில் கொடுத்துவிட்டு மூன்று பேரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தோற்றுப்போன முகம் அவர்களுக்குத்தான் இருந்தது. நதியா பெயரை நெஞ்சுக்குள் ரெண்டு தடவை சொல்லிப் பார்த்தேன். வாயைத் திறந்தேன்.

"ராஜாத்தி" என்றேன். "எம் பொண்டாட்டி. கால் வாங்கணும்."

வழக்கப்படி யாரும் எதுவும் கேட்கவில்லை. தவசி பக்கத்தில் வந்து மைக்கைப் பிடுங்கினான். மைக் ஆனில் இருப்பதை மறந்துவிட்டான்.

"ஏலே, இதச் சொல்றதுக்கா எங்கள இவ்வளவு கேவலமா ஆட வச்ச?"

வயல் முழுக்கக் கேட்டது. நான் அழுதேன். எல்லோரும் பார்க்க அழுதேன், எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஆனால் நெஞ்சில் இருந்த பாரம் இல்லை. சாயங்காலம் வீட்டில் மறுபடியும் பசித்தது, ராஜாத்தி மிச்சப் பிரியாணியைச் சூடு பண்ணித் தந்தாள். தட்டில் முட்டையை மட்டும் எனக்கு எடுத்து வைத்தாள்.

28 ஏப்ரல், திங்கள்

நேற்று இருந்த தைரியம் இன்று இல்லை. கடையைத் திறக்கவில்லை. தவசி மண்டிக்குப் போகிற வழியில்தான் என் கடை.

30 ஏப்ரல், புதன்

தவசி வந்தான். எதிர்பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். நான் மோட்டாரைப் பிரித்துப் போட்டுத் தரையில் உட்கார்ந்திருந்தேன். வாசலிலேயே ஆரம்பித்துவிட்டான்.

"ஏண்டா, தோட்டத்து மோட்டாரக் குடுத்து பத்து நாளாச்சு. வாழ காயுது. முந்தாநாளு கடைய வேற பூட்டிப் போட்டுட்ட. நீ காயில் கட்டுறியா, கயிறு திரிக்கிறியா?"

"ரெண்டு நாள்னு சொன்னேன்ல. பறக்காதடா" என்றேன்.

"ஒன்னால எனக்கு ஒரு தார் நட்டமாச்சு, தெரியும்ல? ஜெயிச்சவனுக்குத் தாருன்னு எம் மண்டித் தாரையே மதனுக்குத் தூக்கிக் குடுத்துருக்கேன். அவனெல்லாம் ஜெயிச்சிட்டேன்னு தேனியில சொல்லிக்கிட்டுத் திரியுறான்."

அப்புறம் நதியாவைப் பற்றிச் சொன்னேன், நான் சொல்ல நினைத்த பெயர் அதுதான் என்று. "முன்னாடியே சொல்றதுக்கென்ன? மண்டியில கணக்கெழுத ஆளில்லாம நாந்தான் கண்ணு பூத்துக் கெடக்கேன். வரச் சொல்லு" என்றான். போகும்போது என் டீயையும் குடித்துவிட்டுப் போனான்.

அவன் போன பிறகுதான் கவனித்தேன். நான் எழுந்திருக்கவே இல்லை.

11 மே, ஞாயிறு

வேண்டுமென்றே சந்தை ரோட்டில் போனேன். ஒச்சாண்டி என்னைக் கண்டதும் கம்பைத் தேடினான். அவன் எழுவதற்கு முன்னால் நான் போய் அவன் பக்கத்தில், அந்தச் சாக்கு மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"இந்த வருசம் வாங்குன ஆளு நாந்தாண்ணே" என்றேன். "தெரியும்ல?"

"கேள்விப்பட்டேன்" என்றான். கம்பைக் கீழே வைத்தான். "எப்படி இருக்கு?"

"ரெண்டு நாளு சங்கடமா இருந்துச்சு."

"எனக்கு ஒரு வருசமா இருக்குப்பா. நீ ஏதும் நெனச்சுக்குவியோன்னுதான் எந்திரிக்கிறது. இடுப்பு உசுரு போகுது."

இரண்டு பேரும் சிரித்தோம். கிறுக்குப் பயல்கள் ரெண்டு பேர், ஒருத்தருக்காக ஒருத்தர் ஒரு வருடம் அவதிப்பட்டிருக்கிறோம். இளநீர் சீவித் தந்தான். காசு கொடுத்தேன், வாங்கிக்கொண்டான்.

5 ஜூன், வியாழன்

கால் வந்துவிட்டது. உள்ளே மெத்தென்று உறை, பழையதில் பாதி எடைகூட இல்லை. மதுரையில் இரண்டு கம்பிகளுக்கு நடுவே நிற்க வைத்தார்கள். முட்டி நீள மறுத்தது. வலியில் அவள் என்னைத் திட்டிய திட்டுகளை இங்கே எழுத முடியாது. கால் செய்பவர், "பரவால்ல, நல்லா மூச்சு வருது" என்றார். நாள் தவறாமல் பயிற்சி செய்ய வேண்டும். நிற்கிறாள். நின்றாள். என் தோள் உயரம்தான் இருப்பாள் என்பதே மறந்துபோயிருந்தது.

19 ஜூன், வியாழன்

இன்று அடுப்படியிலிருந்து வாசல் வரை. திரும்பி வர முடியவில்லை, அங்கேயே சேர் போட்டுக் கொடுத்தேன். புண் இல்லை. தினமும் டார்ச் அடித்துப் பார்க்கிறேன். புண் இல்லை.

6 ஆகஸ்ட், புதன்

மத்தியானம் சாப்பிட வந்தால் வீடு பூட்டிக் கிடக்கிறது.

முதலில் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. பூட்டைப் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். கதவைத் தட்டினேன், பூட்டிய கதவை. ஏறக்குறைய இரண்டு வருடமாக நான் வரும்போது வீட்டுக்குள் எப்போதும் ஆள் உண்டு, இரண்டு பேரும் சேர்ந்து கிளம்பினால்தான் வெளியே பூட்டு. போன் செய்தால் எடுக்கவில்லை. பயந்து போய் பக்கத்து வீட்டு யுவராணியைக் கூப்பிட்டேன்.

"மதினியா? பதினோரு மணி பஸ்ஸுக்கே போயிட்டாகளே அண்ணே. ராயப்பன்பட்டிக்கு, பிலோமினாக்கா வீட்டுக்கு. ஒங்ககிட்டச் சொல்லலையா?"

"யாரு கூட?"

"தனியாத்தான்."

வாசற்படியில் உட்கார்ந்தேன். பசி. வெயில் வேறு. நல்ல கோபம் வந்தது, எவ்வளவு நாளைக்குப் பிறகு இப்படி ஒரு கோபம். ஒரு போன் போட்டுச் சொன்னால் என்ன? அவள் பஸ் படியில் ஏறியதை நான் பார்த்திருக்க வேண்டாமா? கண்டக்டர் பொறுமையாக நின்றானா? ரொம்ப நேரம் கழித்துத் தெருமுனையில் அந்தப் பச்சைச் சேலை தெரிந்தது. எழுந்து ஓடவில்லை. கஷ்டப்பட்டு உட்கார்ந்தே இருந்தேன். கையில் ஒரு பை, மெதுவாக, கொஞ்சம் சாய்ந்து, வழியில் யாரிடமோ நின்று பேசிவிட்டு வந்தாள்.

"என்ன இங்கன ஒக்காந்திருக்கீக? கடையில எதுனா சாப்பிட்டிருக்கலாம்ல?" என்றாள்.

நாளைக்கு முதல் வேலையாக வீட்டுக்கு இன்னொரு சாவி செய்யக் கொடுக்க வேண்டும்.